குதிரை வேண்டா, அதன் நடை போதும்

ஐரோப்பியரின் குளிர்காலம் நம் மார்கழியைப் போன்றதன்று. டிசம்பர் மாதத்தில் இலண்டனிலும் பெர்லினிலும் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. நாள்கணக்கில் கதிரவன் முகங்காட்டாமல் இருப்பதும் உண்டு. கையில் பொருளுள்ளோர் வெயிலைத் தேடித் தெற்கே புறப்பட்டு விடுகின்றனர். அவர்களுள் கடற்கரை மணலில் படுத்துக் கிடப்பதில் சலிப்புற்றோருக்கென்றே குதிரையேற்ற விடுமுறை என்றொரு வகைச் சுற்றுலா நடைபெறுகிறது. மொராக்கோவின் அட்லாண்டிக் கரை, ஜோர்டானின் வாடி ரம் பாலை, ஸ்பெயினின் அந்தலூசியா, நம் நாட்டில் இராஜஸ்தான் என்று அதற்கு இடங்கள் பல. காலையில் சேணமேறினால் நாளொன்றுக்கு ஐந்தாறு மணி நேரச் சவாரி. வழியில் சிற்றூர்கள், கோட்டைகள், சந்தைகள். இரவில் கூடாரமோ பழைய மாளிகையோ. வெயிலும் காயலாம், பண்பாட்டையும் அறியலாம் என்கிறது விளம்பரத் தாள்.

நம்மிடம் தமிழ் பயின்று, பின்னர் கணினித் துறைக்குத் தாவி, இப்போது இங்கிலாந்தில் பணிபுரியும் மாணவர் ஒருவர் அத்தகைய தாள் ஒன்றை இணைத்து மடல் எழுதியிருந்தார். உடன் பணிபுரிவோருடன் இராஜஸ்தானில் ஒரு வாரம் சவாரி செய்து வந்திருக்கிறார். அதற்கான கட்டணத்தைப் படித்தபோது நம் சம்பளச் சீட்டு நினைவுக்கு வந்தது, அது கிடக்கட்டும். "ஐயா, அங்கே இருப்பது நம் பக்கத்தில் இல்லையா? இரஞ்சன்குடியில் கோட்டை இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் நிலம் சும்மாதான் கிடக்கிறது. எட்டுக் குதிரை வாங்கிவிடலாமா என்று பார்க்கிறேன். தாங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். பத்தாண்டுச் சேமிப்பைப் போட எண்ணுகிற பிள்ளையின் கேள்வி இது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள நம்மால் இயலவில்லை.

இத்தொழிலை முற்றாகப் பழிப்பது நம் நோக்கமன்று. செவிநுனிகள் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும் மார்வாரிக் குதிரை, சமஸ்தானங்கள் ஒழிந்தபின் வைத்துக் காப்பாற்றுவாரின்றி அருகிப்போன இனம். அது மீண்டெழுந்ததில் ஆர்வலர்களின் உழைப்போடு சவாரிச் சுற்றுலாவுக்கும் பங்குண்டு. சேகாவதிப் பகுதியில் ஓவியம் தீட்டிய வணிகர் மாளிகைகள் சில இடிபடாமல் விடுதிகளாகப் பிழைத்ததும் பயணியர் வருகையால்தான். அனைத்துக்கும் மேலாக அது பயணத்தின் வேகத்தைக் குறைக்கிறது. நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் போகிறவன் காண்பதை நானூறு கிலோமீட்டர் போகிறவன் காணமாட்டான்.

இதைக் கல்கி நன்கு அறிந்திருந்தார். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த பொன்னியின் செல்வனின் தொடக்கத்தில், ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரைமேல் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். அவன் அவசரமின்றி வருவதால்தான் ஏரியும் மதகுகளும் புதுப்புனல் காணக் கூடிய மக்களும் நமக்குப் புலப்படுகின்றனர். அரசியல் சூழ்ச்சி எல்லாம் பின்னர்தான். நாடு முதலில் ஒரு குதிரையின் வேகத்தில் அறிமுகமாகிறது. 2022-இல் அக்கதை திரைப்படமாக வந்தபின், வந்தியத்தேவன் போன வழியைத் தேடிக் குளிரூட்டிய வண்டிகளில் இளைஞர் பலர் புறப்பட்டனர். ஆர்வம் போற்றத்தக்கதே. ஆயினும் கதையில் அத்தனை அதிகாரம் செலுத்தும் பழுவேட்டரையர்களின் ஊரான பழுவூர், இன்று அரியலூர் மாவட்டத்துக் கீழப்பழுவூரும் மேலப்பழுவூரும் கீழையூருமாகப் பிரிந்து கிடப்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்? கீழையூரில் ஒன்பதாம் நூற்றாண்டுப் பழுவேட்டரையர் எடுத்த இரட்டைக் கோயிலில் நாம் போனபோதெல்லாம் ஆளரவம் இருந்ததில்லை.

வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதில் மாணவரோடு நமக்கு முழு உடன்பாடு. அதற்குக் குதிரைதான் வேண்டுமா என்பதே ஐயம்.

குதிரை தமிழகத்துக்கு எக்காலத்தும் விருந்தாளியாகவே வந்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல்வழி வந்திறங்கிய பொருள்களுள் குதிரையையும் பட்டினப்பாலை சேர்க்கிறது. பாண்டியன் கொடுத்த பொன்னோடு குதிரை வாங்கப் போன திருவாதவூரர் மாணிக்கவாசகராகத் திரும்பிய கதையில், குதிரை வரவேண்டிய இடம் கடல்துறை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, இங்குள்ள மன்னன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை ஓர்முசு, ஏடன் முதலிய துறைகளிலிருந்து வாங்குவதாகவும், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதுகிறார். பேணத் தெரிந்தோர் இங்கில்லை, அத்தகையோர் இங்கு வருவதைக் குதிரை வணிகர் விரும்பவுமில்லை என்பது அவர் கூறும் காரணம். செத்தால்தானே மறுபடி விற்கலாம்! ஏறத்தாழ அதே காலத்துப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார் என்று குறிக்கிறார். தமிழகத்துப் பொன்னில் எவ்வளவு இவ்விலங்கின் கல்லறைக்குப் போயிற்று என்று எண்ணிப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது.

இன்று மருத்துவரும் மருந்தும் உண்டு, ஊட்டியிலும் ஆரோவில் பக்கத்திலும் குதிரைகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பெரம்பலூரின் நிலம் வேறு. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளையும் மானாவாரிக் கரிசல் இங்கே பரந்து கிடக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால், அந்த மண்ணில் நம் செருப்பே கழன்று நின்றுவிடும். குதிரையின் குளம்பு என்ன பாடுபடும்! ஐரோப்பியர் வெயில் தேடும் நவம்பரிலும் டிசம்பரிலும் நாம் குடையோடு நிற்கிறோம். தை பிறந்தபின்தான் இங்கே இளவெயில். பங்குனியில் அதே வெயில் சுடத் தொடங்கிவிடும். எட்டு வாரச் சவாரிக்காக எட்டுக் குதிரைகளுக்கு ஆண்டு முழுதும் கொள்ளும் புல்லும் தண்ணீரும் தரவேண்டும். கோடையில் குடிநீருக்கே குடங்கள் வரிசையில் நிற்கும் ஊர்களின் நடுவே அந்த இலாயம் நிற்கும்.

இவை கணக்குகள். கணக்கைச் சரிசெய்ய வழி பிறக்கக்கூடும். நமக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றும் தடை வேறொன்று. குதிரைமேல் இருப்பவர் யார் என்னும் கேள்வி நம் நாட்டில் ஒருபோதும் சாதாரணக் கேள்வியாக இருந்ததில்லை.

இராஜஸ்தானில் வெளிநாட்டுப் பயணி ஊர்த்தெருவில் சேணமேறிப் போகிறார், சிறுவர்கள் கையசைக்கின்றனர். அதே மாநிலத்தில் தலித் மணமகன் ஒருவர் தம் திருமண நாளில் குதிரையேறித் தெருவழியே வரக் காவலர் துணை வேண்டியிருந்தது என்ற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! 2018 மார்ச்சில் குஜராத்தின் பவநகர் மாவட்டத்தில் தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். குதிரை வைத்து அதில் ஏறிச்சென்றதே காரணம் என்று அவர் தந்தை முறையிட்டார். பண்பாட்டை அறிய அழைக்கும் விளம்பரத் தாளில் இப்பண்பாடு இடம்பெறுவதில்லை.

நாம் மட்டும் மேலானவரல்லர். குதிரையின் இடத்தில் இங்கே மிதிவண்டி இருந்தது. சில தெருக்களில் சிலர் செருப்பணிந்து நடக்கவும், மிதிவண்டி ஏறிப் போகவும் கூடாதென்ற கட்டு தமிழகத்து ஊர்கள் பலவற்றில் இருந்தது. முழுதும் ஒழிந்துவிட்டதென்று எழுத நமக்குத் துணிவில்லை. ஆனால் நம் மக்கள் அக்குதிரையை வேறொரு வகையில் கையாண்டிருக்கின்றனர். ஊரெல்லையில் ஐயனாருக்குச் சுடுமண் குதிரை செய்து வைத்தனர். புதுக்கோட்டை மாவட்டக் குளமங்கலத்தில் நிற்கும் குதிரை முப்பது அடிக்கும் மேலான உயரம். சிவகங்கைப் பக்கத்துப் புரவியெடுப்பில் வேளார் செய்த மண்குதிரைகளை ஊரார் தோளில் சுமந்து செல்கின்றனர். மனிதன் குதிரையைச் சுமக்கிற விழா! மாறுகால் மாறுகை வாங்கப்பட்டு மாண்டதாகக் கதை சொல்லும் மதுரைவீரனை, அருந்ததியர் வீட்டில் வளர்ந்த பிள்ளையை, நம் ஊர்கள் தெய்வமாக்கிக் குதிரைமேல் அமர்த்தியிருக்கின்றன. உயிரோடிருந்தவனுக்கு மறுத்ததை இறந்தபின் கொடுத்த இச்செயலை நன்றிக்கடன் என்பதா, குற்றவுணர்வு என்பதா? இந்தக் கேள்வியைப் பயணியின் காதில் போடாமல், அவரைக் குதிரைமேல் ஏற்றி அந்த வீரனின் சிலைக்கு முன்னே நிழற்படம் எடுத்து அனுப்புவது நமக்கு உவப்பாயில்லை.

இனி, நம் இரு மாவட்டங்களிலும் காணத்தக்கவை யாவை என்று பார்த்தால், பெரும்பாலானவை குதிரைமேலிருந்து காண முடியாதவை. காரைப் பகுதியின் அரிப்புநிலம் இதற்குத் தக்க சான்று. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது. மழை அரித்த களிமண் மேடுகளுக்கிடையே நத்தைச் சுருள் போன்ற அம்மோனைட்டுகளும், சுருட்டுத் துண்டுகள் போன்ற பெலம்னைட்டுகளும் காலடியில் கிடக்கும். உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்ற நம் ஊர்ப்பெயர்கள் உலகப் புவியியல் நூல்களில் பாறைத் தொகுதிகளின் பெயர்களாக வழங்குவது இவற்றால்தான். குனிந்தால்தான் இவை தென்படும். நிமிர்ந்து சவாரி செய்பவர் ஒன்றையும் காணார். அவர் ஏறிய குதிரையின் இலாடமோ ஒவ்வோர் அடியிலும் ஒன்றை நொறுக்கும். சாத்தனூரில் கல்லாகிப்போன அடிமரம் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. அதை நுனிமுதல் அடிவரை நடந்துதான் அளக்க வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வெளிநாட்டார் வராமலில்லை. தஞ்சையிலிருந்தோ குடந்தையிலிருந்தோ பேருந்தில் வந்து, விமானத்தையும் சண்டேசருக்கு மாலை சூட்டும் சிற்பத்தையும் பார்த்து, முக்கால் மணிக்குள் திரும்பிவிடுகின்றனர். மாளிகைமேட்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அரண்மனைச் சுவர்களை நோக்கி ஒருவர்கூட நடப்பதில்லை. 1836-இல் கொள்ளிடத்துக் கீழணை கட்ட இக்கோயிலின் மதிற்கற்கள் பெயர்த்துச் செல்லப்பட்டன என்று சொல்ல அவர்களருகே ஆளில்லை. கோயிலில் தொடங்கி அணைக்கரைவரை நடத்திச் சென்று, ஒரு தலைநகரின் கற்கள் இன்று தண்ணீரைத் தடுத்து நிற்பதைக் காட்டினால் அப்பயணியின் நாள் எப்படி மாறும்!

அப்படிச் சொல்லக்கூடியவர்கள் நம் வகுப்பில் அமர்ந்திருக்கின்றனர். இதற்காகத்தான் நாம் இவ்வளவு எழுத நேர்ந்தது. ஆண்டுதோறும் தமிழ் முதுகலை முடித்து வெளியேறும் பிள்ளைகளுள் கல்வெட்டு படிக்கத் தெரிந்தோர் உண்டு. ஊர்க்கதை அறிந்தோர் பலர். நம் மாணவி ஒருவர் மெய்க்கீர்த்தியை மனப்பாடமாகச் சொல்வார். இன்று துணிக்கடையில் அளவு நாடாவோடு நிற்கிறார். துணிக்கடை வேலை இழிவன்று. அவர் கற்றது அங்கே பயன்படவில்லை, அவ்வளவே. எட்டுக் குதிரைக்கு ஆகும் செலவில் இத்தகையோர் நால்வருக்கு ஓராண்டு பயிற்சியும் ஊதியமும் தரலாம். அவர்களுக்குப் பேச்சு ஆங்கிலம் வேண்டும், புவியியல் அடிப்படை வேண்டும், முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். நிலத்தில் இலாயத்துக்குப் பதில் நான்கு ஓட்டுவீடுகள், நல்ல கழிப்பறை, பத்து மிதிவண்டிகள். மூத்தோருக்கென ஒரு மாட்டு வண்டியும் இருக்கட்டும்.

பண்பாட்டை அறிய வந்த ஐரோப்பியர் எப்படி இருந்தார் என்பதற்கும் இம்மாவட்டத்திலேயே சான்றுண்டு. 1680-இல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி, ஏலாக்குறிச்சியில் தங்கி, அவ்வூரைத் திருக்காவலூர் என்றழைத்துக் கலம்பகம் பாடி, 1732-இல் சதுரகராதி தொகுத்து, வீரமாமுனிவர் ஆனார். ஒரு வாரப் பயணியிடம் அகராதியை எதிர்பார்ப்பது பேராசை. பத்துத் தமிழ்ச் சொற்களோடு அவர் ஊர் திரும்பினால் போதும்.

ஒரே ஓர் அச்சம் உண்டு. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய சரக்குந்துகள் அரியலூர்ச் சாலைகளில் ஓடும் ஓட்டத்தை அறிந்தோர் அங்கே விருந்தினரை மிதிவண்டியில் விடமாட்டார். ஆகவே வழித்தடத்தை ஏரிக்கரைகளிலும் வண்டிப்பாதைகளிலும்தான் வகுக்க வேண்டும். பொங்கல் கழிந்த மறுவாரம் தொடங்கலாம். சாத்தனூர், காரை, பிறகு பழுவூர், மூன்றாம் நாள் மாலை திருமானூர்ப் பக்கத்துக் கரைவெட்டி ஏரி. 2024-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட அவ்வேரிக்கு இமயத்தைக் கடந்து பட்டைத்தலை வாத்துகள் வருகின்றன. குளிருக்குத் தப்பி வெயில் தேடி நம் மாவட்டத்துக்கு வரும் பழைய விருந்தினர் அவைதாம். கோடை முற்றுமுன் அவை கிளம்பிவிடும். ஆகவே மாசி பாதிக்குமேல் பயணம் ஏற்பாடு செய்யவேண்டா.