நாம மட்டும் மாறலையா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன வெள்ளிக்கிழமை அர்ச்சனை வரிசையில் ஒரு பெண் பிள்ளை, வயசு 15 இருக்கும், "பேரோட நட்சத்திரமும் ஏன் சொல்லணும்?" என்று மலாயில் கேட்டது. அதுக்கு ஒரு பெரியவர், "சீனப் பள்ளியில போட்டா இப்படித்தான், புத்தியே மாறிப்போச்சு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். பிள்ளை அர்ச்சனைத் தட்டை அம்மா கையில் கொடுத்துட்டு வெளியே போயிடுச்சு. தொண்டர்கள் எங்களுக்கு மனசு கேட்கல. அதான் எழுதுறோம்.

புத்தி மாறிப்போச்சாம்! இந்த மண்ணில் மூணு நாலு தலைமுறையா இருக்கோம். யாருக்கு மாறல?

தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு அங்பாவ் கொடுக்கிறோமே, அது யார் பழக்கம்? சீனர்கிட்ட இருந்து வந்தது. சிவப்பு உறைக்குப் பதிலா ஊதா உறை, அவ்வளவுதான். திறந்த இல்ல உபசரிப்புன்னா பக்கத்து வீட்டு மலாய்க்காரர் வருவாரேன்னு ஹலால் கோழி பார்த்து வாங்குறோம். யாரும் சொல்லிக் கொடுக்கல, யோசனையே அப்படி ஆயிடுச்சு. திருவிழாவுக்கு முன்னாடி கோயிலைக் கழுவ "கோத்தோங் ரோயோங்"னுதான் ஆள் கூப்பிடுறோம். அந்தப் பெரியவரும் அப்படித்தான் கூப்பிடுவார். பந்தியில் பக்கத்துல உட்கார்ந்தவரை என்ன சாதின்னு கேட்க இன்னைக்கு நமக்கு வாய் கூசுது. பொண்ணு பார்க்கப் போகும்போது மட்டும் அந்தக் கூச்சம் எங்கே போகுதோ, அது வேற கதை.

பத்துமலையில் 1892 முதல் தைப்பூசம் நடக்குது. அந்த 272 படியில் சீனர்களும் காவடி தூக்கி ஏறுறாங்க. பினாங்கில் ரதம் வரும் வழியில் மலை மாதிரி தேங்காய் குவிச்சு உடைக்கிறதில் அவங்கதான் முன்னால நிக்கிறாங்க. நம்மகூட வாழ்ந்து அவங்க மனசும் மாறியிருக்கு. அதைப் பார்த்து நமக்குப் பெருமை. நம்ம பிள்ளை மலாயில் ஒரு கேள்வி கேட்டா மட்டும் அவமானமா?

தமிழ் போயிடும்னு பயம் இருக்கு. எங்களுக்கும் இருக்கு. ஆனா அதுக்குப் பெற்றோர்கிட்ட தமிழ்ப்பள்ளியில பதியச் சொல்லிப் பேசணும். பிள்ளையை வரிசையில் வெச்சு அவமானப்படுத்தினா தமிழ் வராது, கோயிலும் போயிடும்.

ஃபேக்டரியில் புதுசா வர்ற பையன் "ஏன்"னு கேட்டா நாங்க சந்தோஷப்படுவோம். கேட்காம மெஷின்ல கை வைக்கிறவன்தான் ஆபத்து. இந்தக் கேள்விக்குப் பதில் ரெண்டு வரிதானே? இந்தப் பூசை யாருக்காகன்னு குருக்கள் சங்கல்பத்துல சொல்லுவார். ஒரே பேர்ல பலர் இருப்பாங்க, அதனால நட்சத்திரமும் சேர்த்துச் சொல்றோம். இதைச் சொல்ல முடியாதவங்கதான் பள்ளிக்கூடத்தைக் குறை சொல்றாங்க.

வர்ற வெள்ளிக்கிழமை முதல் அர்ச்சனை டிக்கெட் மேசையில் ரெண்டு தொண்டர்கள் இருப்பாங்க. தமிழ், மலாய், எதுல கேட்டாலும் பதில் சொல்லுவாங்க. ஆட்சேபணை உள்ளவங்க எங்ககிட்ட நேர்ல வந்து பேசுங்க, பிள்ளைகள்கிட்ட வேணாம். அந்தப் பிள்ளையோட அம்மா இதைப் படிச்சா, தயவு செய்து மறுபடியும் கூட்டிட்டு வாங்கம்மா.