ஈரமானியும் கரிசல் மண்ணும்

மண்ணின் ஈரத்தைக் காட்டும் சிறு கருவிகளைச் சங்கத்தின் மூலம் வாங்கித்தர வேண்டுமென்று அங்கத்தினர் சிலர் கேட்டு வருகின்றனர். வாங்கலாம், ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பி விதைப்பில் இறங்கலாகாது என்பது நமது அபிப்பிராயம்.

மண்ணில் நடும் உணர்கருவி தருவது மின்னழுத்தத்தையே. அதனை எண்ணாக்குவது மைக்ரோகண்ட்ரோலரிலுள்ள மாற்றியின் வேலை. ஆர்டுயினோ ஊனோ பலகை 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரிக்கிறது. ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லிவோல்ட். 600 என்று வந்தால் அழுத்தம் சுமார் 2.9 வோல்ட் என்பதே பொருள். ஈரம் எவ்வளவு என்பதன்று. மின்தேக்கி வகைக் கருவியிலோ ஈரம் கூடக்கூட எண் குறையும்!

நமது கரிசல், ஈரத்தில் உப்பிக் காய்ச்சலில் வெடிக்கும் மண். வெடிப்பில் அகப்பட்ட கருவி காற்றையே அளக்கும். பக்கத்து மண்ணில் ஈரமிருக்க, வறட்சி என்று சொல்லும்.

ஆகவே, எடைக்கற்களைச் சரிபார்த்து முத்திரையிடுவது போல இதனையும் நம் மண்ணிலேயே சரிபார்த்தல் வேண்டும். கருவி நட்ட இடத்து மண்ணை நிறுத்து, 105 டிகிரி சூட்டில் ஒரு நாள் உலர்த்தி, மறுபடி நிறுத்தால் உண்மை ஈரம் தெரியும். பல நிலை ஈரத்தில் இவ்வாறு கண்டு எண்ணுக்கு நேரே எழுதிக்கொள்க. 1901-இல் தொடங்கிய வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் கோவில்பட்டியிலேயே இருக்கிறது; அங்கு யோசனை கேட்கலாம்.

இன்னொன்று. ஈ.எஸ்.பி.32 பலகையின் முனைக்கு 3.3 வோல்ட்டுக்கு மேல் சென்றால் சில்லு பழுதாகும். இரு மின்தடைகளிட்டு அழுத்தத்தைக் குறைத்தே இணைக்க வேண்டும்.

கரிசலில் சரிபார்த்த கணக்கை விற்பவர் தராத வரையில், சங்கப் பணத்தில் மொத்தமாக வாங்க நாம் சிபாரிசு செய்வதற்கில்லை. ஒன்றிரண்டு வாங்கி ஒரு பருவம் பார்க்கட்டும்.