கொழுந்துக்கு முழுக் கிலோ, தேயிலைக்குக் கிராம்



கடந்த சம்பளத்துக்கு மறுநாள், கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் நாற்பது பக்கக் கொப்பி ஒன்றோடு நம்முடைய காரியாலயத்துக்கு வந்தார். தோட்டத்தின் பெயரையும் கம்பனியின் பெயரையும் இங்கே எழுதவில்லை. அந்த அக்கா நாளையும் அதே மலைக்குத்தான் போக வேண்டும்.

கொப்பியில் ஒரு நாளின் கணக்கு இப்படி இருந்தது. காலை நிறுவை 8.7 கிலோ. பகல் நிறுவை 6.9 கிலோ. மாலை நிறுவை 5.8 கிலோ. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த பிறகு தராசில் தெரிந்த எண்கள் இவை. கூட்டினால் 21.4 கிலோ. அந்தத் தோட்டத்தில் ஒரு பேருக்கு 20 கிலோ கேட்கிறார்கள். அவர் முழுப்பேர் எடுத்துவிட்டோம் என்று நினைத்து லயத்துக்குப் போயிருக்கிறார்.

சம்பளச் சிட்டையில் அந்த நாளுக்கு 19 கிலோ என்று இருந்தது. அதனால் அரைப்பேர்.

அக்கா முதலில் கணக்கப்பிள்ளையிடம் கேட்டிருக்கிறார். "நான் என்னாம்மா செய்ய, மெசின்ல அப்படித்தான் விழுது" என்றாராம் அவர். ஒப்பீசில் கேட்டபோது, "கொழும்பில இருந்து வாற கணக்கு, நாங்க கை வைக்க ஏலாது" என்றார்கள். கடைசியாகத் துரையிடம் போயிருக்கிறார். "அது எங்கட கம்பனியே செஞ்ச சொப்ட்வெயார். அதுல பிழை வராது" என்று பதில் வந்தது.

நாங்கள் உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். 8.7 என்பதை 8 ஆகவும், 6.9 என்பதை 6 ஆகவும், 5.8 என்பதை 5 ஆகவும் எடுத்தால் மொத்தம் 19. ஒவ்வொரு நிறுவையிலும் புள்ளிக்குப் பின்னால் உள்ளதை மென்பொருள் வெட்டிவிடுகிறது. அதே மலையில் வேலை செய்யும் வேறு சிலரின் சிட்டைகளையும் வாங்கிப் பார்த்தோம். எல்லாவற்றிலும் முழு எண்கள்தான். தராசு சரியாகத்தான் காட்டுகிறது, வெட்டு அதற்குப் பிறகு விழுகிறது.

நட்டம் எவ்வளவு என்று பாருங்கள். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் நாட்சம்பளம் 1350 ரூபா என்று வந்தது. அந்தக் கணக்கில் அரைப்பேர் என்றால் 675 ரூபா போய்விட்டது. அதோடு முடியவில்லை. அந்த 675 ரூபாவுக்குக் கம்பனி ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்ட வேண்டிய 12 வீதம், அதாவது 81 ரூபா, இல்லை. ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கட்ட வேண்டிய 3 வீதம், 20 ரூபா 25 சதம், அதுவும் இல்லை. ஒரு நாளில், ஒரு பெண்ணிடமிருந்து, மூன்று புள்ளிகளால் இவ்வளவு போகிறது.

வெட்டப்பட்ட 2.4 கிலோ கொழுந்து எங்கே போனது? அதை யாரும் காட்டில் கொட்டவில்லை. மற்றக் கொழுந்தோடு லொறியில் ஏறி, பெக்டரிக்குப் போய், வாடி, அரைபட்டு, தேயிலையாகிவிட்டது. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தில் ஒரு கிலோ தேயிலை கிடைக்கும் என்று பெக்டரியில் வேலை செய்யும் எவரும் சொல்வார். 100 பேர் வேலை செய்யும் டிவிசனில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோ மட்டும் இப்படிப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 நாள் வேலையில் 2500 கிலோ கொழுந்து. 500 கிலோவுக்கு மேற்பட்ட தேயிலை. கணக்கில் யாரும் பறிக்காத கொழுந்திலிருந்து வந்த தேயிலை.

இதே மென்பொருள் பெக்டரிக்குள் எப்படி வேலை செய்கிறது தெரியுமா? எந்த மலையின் கொழுந்து எந்த நேரத்தில் வந்தது, எத்தனை மணிநேரம் வாடியது, வாடிய பிறகு நிறை எவ்வளவு, எந்த ரகத்தில் எத்தனை கிலோ சலித்தது, எந்த இலக்கத்தில் கொழும்பு ஏலத்துக்குப் போனது என்று எல்லாவற்றையும் எழுதி வைக்கிறது. அங்கே புள்ளிக்குப் பின்னால் உள்ள எண் எதுவும் வெட்டுப்படுவதில்லை. தேயிலைக்குக் கிராம் கணக்குத் தெரிந்த மென்பொருளுக்குக் கொழுந்துக்கு மட்டும் முழுக் கிலோதான் தெரியுமா? அப்படிச் செய்யும்படி யாரோ அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

நம் வாதத்தின் மையம் இதுதான். மென்பொருள் என்பது மழை மாதிரி தானாக வருவதல்ல. தலைமைக் காரியாலயத்தில் ஒருவர் உத்தரவு போட, இன்னொருவர் எழுதிய விதிகளின் கட்டு அது. ஒரு பேருக்கு எத்தனை கிலோ, சாக்குக்கு எவ்வளவு கழிவு, புள்ளியை என்ன செய்வது, பிரட்டுக்கு எத்தனை நிமிடம் பிந்தினால் பேர் இல்லை, எல்லாமே விதிகள். வெளியாரிடம் வாங்கிய மென்பொருள் என்றால், "அது எங்கள் கையில் இல்லை" என்று கம்பனி சாட்டுச் சொல்லலாம். சொந்த ஆட்களை வைத்து, சொந்தக் காசில், தன் தேவைக்கென்றே செய்த மென்பொருளுக்கு அந்தச் சாட்டும் கிடையாது. அதில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் கம்பனிதான் பொறுப்பு.

மாற்ற முடியாது என்பதும் பொய். அதே தோட்டத்தில் ஒரு பேருக்கான கிலோவை 18இலிருந்து 20 ஆக உயர்த்தியபோது, மறுநாள் காலையே மென்பொருள் 20 கேட்டது. கூட்டுவதற்கு ஒரு இரவு போதுமென்றால், திருத்துவதற்கும் ஒரு இரவு போதும்.

முன்பு இந்த விடயங்களெல்லாம் எங்கே பேசப்பட்டன? சம்பளமும் வேலை நிபந்தனைகளும் கூட்டு ஒப்பந்த மேசையில் பேசப்பட்டன. அந்த ஒப்பந்தங்களில் நமக்கு ஆயிரம் குறைகள் இருந்தன. ஆனாலும் அவை எழுத்தில் இருந்தன, இரண்டு தரப்பும் கையெழுத்திட்டன, மீறினால் தொழில் திணைக்களத்தில் தூக்கிக் காட்ட ஒரு தாள் இருந்தது. 2021இல் சம்பள விடயம் சம்பள நிர்ணய சபைக்குப் போய் 1000 ரூபா தீர்மானிக்கப்பட்டதும், கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தைக் கைவிட்டன. அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்திருப்பது இந்த மென்பொருள்தான். ஒரு தரப்பு மட்டும் எழுதி, ஒரு தரப்பு மட்டும் வாசிக்கக்கூடிய ஒப்பந்தம். நாட்சம்பளத்தை நிர்ணயித்தது அரசாங்க வர்த்தமானி. அதைப் பாதியாக வெட்டுவது எவரும் வாசிக்காத ஒரு விதி.

நம் பாட்டன்மார் காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. கங்காணியின் கணக்கில் தொழிலாளிக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய துண்டு அது. அந்தத் தொகையைக் கட்டாமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் எப்படி வளர்ந்தது என்று கேட்கத் தொழிலாளிக்கு வழி இல்லை. 1921இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நூறு வருடம் கழித்து, நாம் பார்க்க முடியாத கணக்கு வேறு உருவத்தில் திரும்பி வந்திருக்கிறது.

"பென்சில் கணக்கில் மட்டும் களவு நடக்கவில்லையா?" என்று கம்பனிக்காரர்கள் கேட்பார்கள். நடந்தது. நம் அம்மாமார் கணக்கப்பிள்ளையோடு மடுவத்தில் சண்டை போட்டதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனால் அங்கே சண்டை போட ஒரு முகம் இருந்தது. அழித்து எழுதினால் செக்ரோலில் தடம் தெரிந்தது. நாம் மெசினுக்கு எதிரி அல்ல. நேர்மையாகச் செய்தால் டிஜிட்டல் தராசு நமக்குத்தான் நல்லது. பழைய தராசில் கம்பைச் சாய்த்துக் கிலோவைத் திருடியவர்களுக்கு அது முடிவு கட்டும். மெசினை யாரும் கேள்வி கேட்கக்கூடாது என்பதைத்தான் எதிர்க்கிறோம்.

கேள்வி கேட்காவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு, வசதியான நாடான பிரித்தானியாவே சாட்சி. அங்கே தபாற் கந்தோர்களில் 1999இலிருந்து ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருளைப் பாவித்தார்கள். ஃபுஜிட்சு கம்பனி அதை வழங்கியது. மென்பொருள் "காசு குறைகிறது" என்று காட்டியபோதெல்லாம் கிளைத் தபாலதிபர்கள் கள்ளர்களாக்கப்பட்டார்கள். சொந்தக் காசைக் கட்டினார்கள், வீட்டை இழந்தார்கள், சிறைக்கும் போனார்கள். 900க்கும் அதிகமானோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். முறைப்பாடு செய்த பலருக்கு, "வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லை, உங்களுக்கு மட்டும்தான்" என்று சொல்லப்பட்டது. வெளியிலிருந்து யாரும் கிளைக் கணக்கை மாற்ற முடியாது என்றும் சொல்லப்பட்டது. முடியும் என்பது பின்னர் வெளியானது. 555 பேர் ஒன்றுசேர்ந்து வழக்குப் போட்ட பிறகுதான், 2019 டிசம்பரில் மென்பொருளில் பிழைகள் இருந்ததாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024இல் பாராளுமன்றம் சட்டம் போட்டு அந்தக் குற்றத்தீர்ப்புகளைக் கூட்டாக ரத்துச் செய்தது.

படித்த, கடை வைத்திருந்த, ஆங்கிலம் பேசும் மனிதர்களுக்கே தனித்தனியாக நின்றபோது அந்தக் கதி. கொப்பியோடு தனியே ஒப்பீசுக்குப் போகும் நம் அக்காவுக்கு என்ன கிடைக்கும்?

சட்டத்தில் நமக்கு என்ன இருக்கிறது? 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள் சட்டத்தின் கீழ் தராசுகள் பரிசோதிக்கப்பட்டு முத்திரை இடப்பட வேண்டும். அந்த முத்திரை தராசோடு நின்றுவிடுகிறது. தராசு 8.7 காட்டி, மென்பொருள் 8 எழுதினால் முத்திரைக்கு அது தெரியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், இயந்திரம் மட்டும் எடுத்த தீர்மானத்தை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. எனவே சட்டத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க முடியாது.

கம்பனிகளிடம் நாம் கேட்பது இவை:

1. ஒவ்வொரு நிறுவைக்கும் மடுவத்திலேயே தமிழில் அச்சிட்ட சீட்டு. மொத்த நிறை, கழிவு, மிச்சம் மூன்றும் அதில் புள்ளியோடு இருக்க வேண்டும்.

2. தராசின் முகப்பு தொழிலாளியின் பக்கம் திரும்பியிருக்க வேண்டும்.

3. மென்பொருளில் உள்ள சம்பள விதிகள் எல்லாம் பிரட்டுக்களத்தில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். சங்கத்தோடு பேசாமல் ஒரு விதியையும் மாற்றக்கூடாது.

4. ஒரு கணக்கைத் திருத்தினால் யார், எப்போது, ஏன் திருத்தினார் என்பது பதிவாக வேண்டும். அந்தப் பதிவைத் தோட்டத் தலைவரும் தலைவியும் பார்க்க முடிய வேண்டும்.

5. சீட்டும் சிட்டையும் முரண்பட்டால், விசாரணை முடியும் வரை சீட்டின்படி சம்பளம்.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. ஒவ்வொரு நிறுவையையும் எழுதுங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்து நிரையில் பறிப்பவர் எழுதிக் கொடுக்கட்டும், வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை கூட்டிக் கொடுக்கட்டும். சம்பளம் போட்ட அன்றே சிட்டையோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் தனியே ஒப்பீசுக்குப் போகாமல் தலைவியிடம் கொப்பியைக் கொடுங்கள். பத்துக் கொப்பிகள் சேர்ந்தால் அதை எடுத்துக்கொண்டு மாவட்டத் தொழில் காரியாலயத்துக்குப் போக நாங்கள் தயார்.

அந்த அக்காவின் 675 ரூபா இன்னும் வரவில்லை. முறைப்பாடு எழுத்தில் கொடுத்திருக்கிறோம். அவருடைய மலையிலிருந்து இதுவரை ஏழு கொப்பிகள் வந்திருக்கின்றன. மற்ற டிவிசன்களின் கொப்பிகளுக்காகக் காத்திருக்கிறோம்.