கீரை வளர்க்க ஊதா விளக்கு தேவையா? டியூப் லைட்டே போதும்... ஆனா ஒயர்ல கவனம்!

மாடித்தோட்டம் போட முதல்ல மாடி வேணுமே! சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளில் பலருக்கும் வாய்த்திருப்பது, எதிர் பிளாக் சுவரைப் பார்த்தபடி நிற்கும் ஒரு குட்டி பால்கனிதான். வெயில் எட்டிப் பார்க்காத அந்த இடத்தில் வெந்தயக்கீரையாவது வளர்க்கலாம் என்று இணையத்தில் தேடினால், ஊதா நிறத்தில் ஜொலிக்கும் ‘க்ரோ லைட்’ வந்து நிற்கும். விலையைப் பார்த்ததும், ‘நாமே செஞ்சிட்டா என்ன?’ என்று தோன்றும். தாராளமாகச் செய்யலாம். ஆனால், எதில் மிச்சம் பிடிப்பது, எதில் பிடிக்கக் கூடாது என்பதைத்தான் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டியது அந்த ஊதா நிறத்தில். இலையில் உள்ள பச்சையம் சிவப்பு, நீல ஒளியை நன்றாக உறிஞ்சும். இரண்டையும் கலந்தால் ஊதா. அதனால் ‘செடிக்கு இது மட்டும் போதும்’ என்ற எண்ணம் பரவியது. ஆனால், பச்சை ஒளியிலும் பெரும்பகுதியை இலை பயன்படுத்திக்கொள்கிறது. பல பயிர்களை வைத்து மெக்ரீ 1972-லேயே இதை அளந்து காட்டிவிட்டார். நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி.க்குள் இருப்பது நீல எல்.இ.டி.தான், மேலே பூசிய பாஸ்பர்தான் அதை வெள்ளையாக்குகிறது. அதில் நீலம், பச்சை, சிவப்பு மூன்றுமே உண்டு. கீரைக்கு இது தாராளம்.

அப்போ வீட்டில் எரியும் டியூப் லைட் பக்கத்துல தொட்டியை வெச்சா வளருமா? வளராது. நம் கண் ஏமாற்றும். உச்சி வெயிலில் சுமார் 1,00,000 லக்ஸ் வெளிச்சம் இருக்கும். வெளிச்சமாகத் தெரியும் ஓர் அறையில் 500 லக்ஸ் இருந்தால் அதிகம். அதனால் விளக்கைச் செடியின் தலைக்கு மேலேயே கொண்டுவர வேண்டும்.

நாலடி நீள ரேக்கின் மேல்தட்டுக்கு அடியில் 20 வாட் எல்.இ.டி. பேட்டன் இரண்டு. செடிக்கும் விளக்குக்கும் ஒரு சாண் இடைவெளி. பக்கவாட்டில் வெள்ளை அட்டை. தோராயமாக 7,000 லக்ஸ் கிடைக்கும். தினமும் 14 மணி நேரம் எரிந்தால் வெந்தயக்கீரை, கொத்தமல்லி, மிளகாய் நாற்று தேறிவிடும். தக்காளி காய்க்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மிச்சம் பிடிக்கக் கூடாத இடம்

‘சொந்தமா செய்றேன்’ என்று இறங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் 230 வோல்ட்டை நேரடியாகக் கொடுக்கும், தனி டிரைவர் இல்லாத எல்.இ.டி. போர்டுகள் மலிவாகக் கிடைக்கும். மூடி இல்லாமல் மாட்டினால் அதன் ஒவ்வொரு சால்டர் புள்ளியும் ஷாக் அடிக்கும். கீழே ஈர மண், கையில் ஸ்பிரே பாட்டில், சுற்றிலும் இரும்பு ரேக். ஒயரின் தோல் ஓர் இடத்தில் உரசிக் கிழிந்தால் ரேக் முழுக்க கரன்ட். எம்.சி.பி. காப்பாற்றும் என்று நம்ப முடியாது. இந்தச் சின்னக் கசிவு அதற்குத் தெரியாது. 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. வேண்டும். அது இல்லாத வீட்டில் முதல் செலவு அதுவாகத்தான் இருக்க வேண்டும், விளக்கு அப்புறம்.

எலெக்ட்ரிக்கல் வேலை தெரியாதவர்கள் மூடிய பேட்டனை வாங்கி அப்படியே தொங்கவிடுவதே நல்லது. பிரிச்சுப் பார்க்கிற ஆசை வேண்டாம். ஒயர் பிளக் பாயின்ட்டுக்குக் கீழே ஒருமுறை தொங்கி, பிறகு மேலே ஏறட்டும். வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். தண்ணீர் தெளிக்கும்போது ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும்.

மின்கட்டணம்? 40 வாட், 14 மணி நேரம் என்றால் நாளுக்கு 0.56 யூனிட். இரண்டு மாத பில்லில் 34 யூனிட் கூடும். பில் ஏற்கெனவே ஸ்லாபின் விளிம்பில் நிற்கும் வீட்டில் இந்த 34 யூனிட் கொஞ்சம் கூடுதலாகவே கடிக்கும். ஒரு தட்டில் விளையும் கீரையை வைத்து இதை ஈடுகட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இது ஆசைக்குச் செய்கிற வேலை. பால்கனியில் மூணு, நாலு மணி நேரம் நேரடி வெயில் விழுகிறது என்றால், கீரைக்கு இந்த விளக்கே தேவையில்லை.