சப்பாத்து இல்லாதவர் மலைக்கு வரக்கூடாதா?

நக்கிள்ஸ் பயணத்துக்குப் போட்ட அறிவித்தலில் ஒரு வரி இருந்தது: "ஹைக்கிங் சப்பாத்து கட்டாயம்." எழுதியது நாங்கள்தான். இரத்தோட்டைக்கு மேலே தோட்டத்தில் இருக்கிற நண்பன் அன்றைக்கு வரவில்லை. கேட்டோம். "என்கிட்ட அது இல்லியே, எப்பிடி வாரது?" என்றான். நாங்கள் போன பாதையே அவன் சொல்லித் தந்ததுதான்.

நாலைந்து மலை ஏறியதும் நமக்கொரு நோய் வருகிறது. பழைய சப்பாத்து பத்தாது, எல்லா மலைக்கும் ஏற்ற ஒன்று வேண்டும் என்று தோன்றும். யூடியூபில் பனிமலை ஏறுகிறவர் சொல்வதைக் கேட்டு, கணுக்காலுக்கு மேல் வருகிற, தண்ணீர் புகாத பூட்ஸைத் தேடுவோம். பனிமலைக்கு அது சரி. இங்கே பெய்வது மழை. இலுக்கும்புரவில் இறங்கி ஓடையைக் கடந்தால் தண்ணீர் மேல்வழியாகத்தான் உள்ளே போகும். போன தண்ணீர் வெளியே வராது. நமக்குத் தேவை சீக்கிரம் வடிந்து காய்கிற சப்பாத்து. அட்டையை பூட்ஸும் தடுக்காது, நீளமான அட்டைக் காலுறைதான் தடுக்கும்.

பிராண்டைப் பார்க்கும் முன் அடியைப் பாருங்கள். சேற்றுக்கு ஆழமான, இடைவெளி விட்ட பற்கள் வேண்டும். ஈரப் பாறைக்கு மெதுவான ரப்பர் வேண்டும். பாசி பிடித்த பாறையில் எந்த விலைச் சப்பாத்தும் வழுக்கும். அங்கே காப்பாற்றுவது நிதானம் மட்டுமே. கால் வீங்கியிருக்கும் பின்னேரத்தில், காலுறையோடு போட்டுப் பாருங்கள். விரலுக்கு முன்னால் இடம் இல்லையென்றால் இறக்கத்தில் நகம் கறுத்துவிடும். செகண்ட் ஹேண்ட் கடையில் புதுசு போல மின்னுகிறதை நம்பி ஏமாறாதீர்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்தாலே ஈரக்காற்றில் சில அடிகளின் நுரை உக்கிவிடும். நடுமலையில் அடி கழன்றால் ஆணி அடிக்க அங்கே ஆள் இல்லை.

இன்னொரு பேச்சும் உண்டு: "அந்தக் காலத்தில் வெறுங்காலோடு ஏறவில்லையா? செருப்பே போதும்." இது அதைவிட மோசம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தே வந்தவர்கள் நம் முன்னோர். வழியில் செத்தவர்கள் ஏராளம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தது அதை நினைவுகூரத்தான். வெறுங்கால் அவர்களின் வீரம் இல்லை, அவர்களுக்குச் செய்த அநியாயம். இன்றைக்கும் மழையில் ரப்பர் செருப்போடு சரிவில் கொழுந்து பறிக்கிற அம்மாவுக்குத்தான் நல்ல அடி முதலில் வேண்டும். 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். 30,000 ரூபாய்க்குச் சப்பாத்து வாங்கினால் அது அந்தச் சம்பளத்தில் அவரின் 22 நாளுக்கும் அதிகமான உழைப்பாக இருந்தது.

அதனால் சப்பாத்து வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. தேவையானதை வாங்குங்கள், படத்துக்காக வாங்காதீர்கள். எங்கள் அறிவித்தலை மாற்றிவிட்டோம்: "அடி தேயாத, காலுக்குச் சரியான எதுவும் போதும். இல்லாதவர் முன்கூட்டியே சொல்லுங்கள், சேர்ந்து ஏற்பாடு செய்வோம்." நண்பனிடம் மன்னிப்பும் கேட்டோம். அடுத்த பயணத்தில் முன்னால் நடக்கப்போவது அவன்தான்.