நிலக்கரித் தூசி: தண்ணீர் அடிச்சா போதுமா? மீஞ்சூர் கேட்க வேண்டிய கேள்விகள்

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயிலில் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்த காட்சிதான். எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு வரும்போது பக்கத்துத் தண்டவாளத்தில் நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் வண்டி, தூரத்தில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள், மீஞ்சூர் ரோட்டில் தார்ப்பாய் கட்டிய லாரிகள். வீட்டுக்கு வந்து ஜன்னல் கம்பியை விரலால் தடவிப் பாருங்க, விரல் கருப்பாகும்.

இதற்குக் கேட்டவுடன் கிடைக்கும் பதில், “தண்ணீர் தெளிக்கிறோமே” என்பதுதான். தண்ணீர் தெளித்தால் நிலக்கரித் தூசி அடங்குமா? நிலத்தடிச் சுரங்கங்கள் பல காலமாகவே இந்தக் கேள்வியோடு போராடி வருகின்றன. அங்கே கிடைத்த விடை மீஞ்சூருக்கும் பொருந்தும்.

நிலக்கரி ஏன் இங்கே வந்தது?

தமிழ்நாட்டில் நிலத்தடி நிலக்கரிச் சுரங்கம் கிடையாது. நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி, அதுவும் திறந்தவெளியில். நமக்கு நிலக்கரி கப்பலில்தான் வருகிறது. அதை இறக்குவதற்காகவே 2001இல் எண்ணூர் துறைமுகம் திறக்கப்பட்டது. அதுதான் இன்றைய காமராஜர் துறைமுகம்.

அதன் பிறகும் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ராயபுரம் பக்கத்து மக்கள் தூசி பற்றித் தொடர்ந்து புகார் சொன்னார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கே நிலக்கரி, இரும்புத்தாது கையாள்வதை நிறுத்தச் சொன்னது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் அது நடைமுறைக்கு வந்து, சரக்கு எண்ணூருக்கு மாறியது. நகரத்துக்கு அது நல்ல தீர்ப்பு. ஆனால் தூசி ஒழியவில்லை, முகவரி மாறியது. புது முகவரியிலும் மக்கள் இருக்கிறார்கள்.

சுரங்கம் எதற்குப் பயந்தது?

இரண்டுக்கு. ஒன்று, வெடிப்பு. காற்றில் மிதக்கும் நிலக்கரித் தூசி ஒரு பொறி பட்டால் போதும், வெடிமருந்தாகிவிடும். 1906இல் பிரான்ஸின் கூரியேர் சுரங்கத்தில் 1,099 பேர் இறந்தார்கள். 1965 மே மாதம் தன்பாத் அருகே தோரி சுரங்க வெடிப்பில் 268 பேர் இறந்தார்கள்.

இரண்டாவது, நுரையீரல். சுமார் 5 மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் அடிவரை போகும். வருஷக்கணக்கில் சேர்ந்து தழும்பாகும். ‘கருநுரையீரல்’ என்று சொல்லும் இந்த நோய்க்கு முழுமையான சிகிச்சை இல்லை. கண்ணுக்குத் தெரியும் கரித்தூளை விட, தெரியாத தூசிதான் ஆபத்து.

தண்ணீர் ஏன் தோற்கிறது?

ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவிப் பாருங்க. மிதக்கும். பாத்திரம் தேய்க்கும் லிக்விட் ஒரு சொட்டு விடுங்க. தூள் சட்டென்று ஓரத்துக்கு விலகும், கலக்கிவிட்டால் மூழ்கத் தொடங்கும்.

நிலக்கரியும் அப்படித்தான். அதன் மேற்பரப்புக்குத் தண்ணீரோடு ஒட்டுதல் குறைவு. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். அதனால் சொட்டு பரவாமல் உருண்டையாக நிற்கிறது. சோப்பு வகையைச் சேர்ந்த ஈரமூட்டி வேதிப்பொருளை ஒரு சதவீதத்துக்கும் குறைவாகக் கலந்தாலே அந்த விசை 30 அளவுக்கு இறங்கிவிடும். சொட்டு பரவும், தூசி நனையும்.

சுரங்கங்களில் இதோடு இன்னும் சில வழிகளும் உண்டு. கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு போன்ற உப்புகள் காற்றின் ஈரத்தை இழுத்துத் தரையைக் காயவிடாமல் வைக்கும். பாலிமர் கரைசல், குவியலின் மேல் மெல்லிய ஓடாகப் படிந்து காற்று அள்ளாமல் தடுக்கும். நுரை, குறைந்த தண்ணீரில் அதிகப் பரப்பை மூடும்.

அப்போ கெமிக்கல் கலந்தால் பிரச்சினை தீர்ந்ததா?

இல்லை. ஒரே மருந்து ஒரு நிலக்கரியில் நன்றாக வேலை செய்யும், இன்னொன்றில் பெரிதாக ஒன்றும் செய்யாது. சொட்டின் அளவும் முக்கியம். பெரிய சொட்டு விழும்போது அதைச் சுற்றி ஓடும் காற்று நுண்தூசியை ஒதுக்கித் தள்ளிவிடும், இரண்டும் மோதவே மோதாது. அதனால்தான் மிக நுண்ணிய மூடுபனித் தெளிப்பான்கள் தேவை. எல்லாவற்றுக்கும் மேலாக, பறந்த தூசியைப் பிடிப்பதை விடப் பறக்காமல் தடுப்பதே சுலபம். கன்வேயருக்கு மூடி, கொட்டும் இடத்தில் உயரக் குறைப்பு, குவியலைச் சுற்றிக் காற்றுத் தடுப்பு, லாரி டயருக்குக் கழுவு தொட்டி: இவற்றுக்குப் பிறகுதான் வேதிப்பொருள்.

கணக்கும் இருக்கிறது. சுமார் 4,000 டன் ஏற்றிய ஒரு கூட்ஸ் வண்டியில் வெறும் 1 சதவீதம் ஈரம் கூடினால் அது 40 டன் தண்ணீர். கொதிகலனில் அதை ஆவியாக்கவே கிட்டத்தட்ட 6 டன் நிலக்கரி போய்விடும். குறைந்த தண்ணீரில் அதிகம் நனைக்கும் ஈரமூட்டிக்கு இங்கே நியாயம் உண்டு.

மீஞ்சூரின் தனிச் சிக்கல்

இந்த மண்ணுக்குத் தண்ணீரும் ஒரு காயம். 1960களிலிருந்து சென்னைக்காக மீஞ்சூர் கிணறுகளில் தண்ணீர் உறிஞ்சியதில் கடல்நீர் உள்ளே புகுந்து, ஊர்க் கிணறுகள் உப்பாகின. 2010இல் கடல்நீரைக் குடிநீராக்கும் 100 எம்.எல்.டி. ஆலையே இங்கேதான் வந்தது. அப்படிப்பட்ட ஊரில் தூசிக்கு நல்ல நிலத்தடி நீரை ஊற்றுவது நியாயமில்லை. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து மணலித் தொழிற்சாலைகளுக்குத் தருகிறார்கள். இந்த வேலைக்கும் அதுவே ஏற்றது.

அடுத்தது கொசஸ்தலை ஆறும் எண்ணூர் கழிமுகமும். சில ஈரமூட்டிகள் மீன், இறால் குஞ்சுகளுக்கு நஞ்சு. நோனைல்ஃபீனால் எத்தாக்சிலேட் வகையை ஐரோப்பிய ஒன்றியம் பல பயன்பாடுகளில் கட்டுப்படுத்திவிட்டது. நிலக்கரி முற்றத்தில் தெளித்தது மழையில் வழிந்து கழிமுகத்துக்குப் போனால், ஊரின் மூச்சைக் காக்கிறோம் என்று மீனவர் வலையைக் காலி செய்கிறோம்.

என்ன கேட்க வேண்டும்?

சுரங்கத் தொழிலாளி சுவாசிக்கும் தூசிக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு, அதை அளக்க வேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. ஆனால் நிலக்கரிச் சுரங்க விதிகள் சுரங்க வாசலோடு நின்றுவிடுகின்றன. அதே நிலக்கரியைக் கப்பலிலிருந்து இறக்குபவருக்கும், லாரியில் தார்ப்பாய் கட்டுபவருக்கும் நுரையீரல் வேறு அல்ல. பொதுவெளிக் காற்றுக்கு நாட்டின் தர அளவு 24 மணி நேரச் சராசரியாகப் பி.எம். 10க்கு 100, பி.எம். 2.5க்கு 60 மைக்ரோகிராம். அது மீஞ்சூருக்கும் பொருந்தும்.

எனவே கோரிக்கைகள் எளிமையானவை. நிலக்கரி முற்றத்தின் வேலியோரம் தூசியை அளந்து, அன்றாடம் எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுங்கள். என்ன வேதிப்பொருள், எவ்வளவு கலக்கிறீர்கள் என்று பெயரோடு சொல்லுங்கள். எளிதில் மக்கக்கூடியதை மட்டும் பயன்படுத்துங்கள். வழியும் தண்ணீரை முற்றத்துக்குள்ளேயே பிடித்து மறுபடி பயன்படுத்துங்கள். ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஆண்டுக்கு ஒருமுறை நுரையீரல் பரிசோதனை செய்யுங்கள்.

தண்ணீர் லாரி வந்து போனதற்கான ரசீது, தூசி அடங்கியதற்கான சான்று அல்ல. சான்று காற்றில் இருக்கிறது. அதை அளந்து காட்டச் சொல்லும் உரிமை, நாளைக் காலை அந்த ரயிலில் ஏறப்போகும் உங்களுக்கு இருக்கிறது.