வட்டு பழுதாயிற்று, பொறுப்பு எங்கே போயிற்று?

'லினக்ஸில் நகலெடுத்தேன், தரவு போய்விட்டது' என்னும் சாக்கு நம் மொழியியல், நாட்டார் வழக்காற்றியல் துறைகளில் தங்குதடையின்றி உலவுகிறது. நெறியாளர் தலையசைக்கிறார், துறை அனுதாபம் தெரிவிக்கிறது. அந்த அனுதாபத்தை நான் ஏற்கவில்லை.

லினக்ஸ் தன் பிழைகளை ஒளித்துவைப்பதில்லை. நகலெடுப்பு நடுவழியில் நின்றால், 'டிஎம்இஎஸ்ஜி' கட்டளை கருநிரலின் குறிப்புகளைக் காட்டும். 'ஸ்மார்ட்சிடிஎல்' வட்டின் உடல்நிலையைச் சொல்லும். அதில் 199ஆம் பண்பின் எண்ணிக்கை ஏறினால், முதலில் ஐயுற வேண்டியது கேபிளையும் இணைப்பையும். 197ஆம் பண்பு ஏறினால், வட்டின் பரப்பிலேயே படிக்க இயலாத இடங்கள் பெருகுகின்றன. அந்நிலையில் 'எஃப்எஸ்சிகே' ஓட்டிச் சரிசெய்ய முனைவது, சாகக்கிடக்கும் வட்டின்மேல் மேலும் எழுதுவதாகும். முதலில் 'டிடிரெஸ்கியூ' கொண்டு, படிக்க இயன்ற பகுதிகளை வேறு வட்டுக்கு மீட்கவேண்டும். திருத்தமெல்லாம் அந்த நகலின்மேல்தான். நகலெடுப்பு 100 விழுக்காடு என்று திரை காட்டும்போதும், தரவின் ஒரு பகுதி நினைவகத்திலேயே காத்திருக்கலாம். முறையாக வெளியேற்றாமல் வட்டைப் பிடுங்குபவர் இயங்குதளத்தைப் பழிக்கலாகாது.

'நாங்கள் கணினிப் பொறியாளர் அல்லர்' என்பர். கல்வெட்டாய்வாளர் மைப்படி எடுக்கக் கற்கிறார். சுவடியியலார் ஏட்டுக்கு எலுமிச்சைப்புல் எண்ணெய் பூசக் கற்கிறார். ஒலிப்பதிவை ஆதாரமாகக் கொள்பவருக்கு மட்டும் ஏன் விலக்கு?

இழப்பு யாருடையது என்பதையும் எண்ணுங்கள். இடுக்கி மாவட்டத்து ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டங்களில், கங்காணிகளின் காலத்தைச் செவிவழி அறிந்த மூத்த தமிழ்த் தொழிலாளர் ஒருவர், நாள் முழுதும் உழைத்தபின் லயத்து வாசலில் அமர்ந்து தம் கதையைச் சொல்கிறார். மலையாளம் கலந்த அத்தோட்டத் தமிழை அவர் குரலில் மீண்டும் கேட்க வாய்க்காமலே போகலாம். ஆய்வேட்டுக்குப் பட்டம் கிடைத்துவிடும். அவருக்கோ ஒற்றை வட்டில் அடைபட்ட அந்தக் குரலும் மிஞ்சாது.

கருவிகளை மட்டும் நம்பியும் பயனில்லை. ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்த கூகுள் பொறியாளர்கள், பழுதானவற்றில் பெரும்பகுதி முக்கியமான முன்னறிகுறி எதையும் காட்டவில்லை என 2007இலேயே எழுதினர். ஆகவே இரண்டாம் படியே காப்பு.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் 10 விழுக்காட்டு ஒப்புமையைக்கூட அளந்து பார்க்கின்றன. மூலத்தரவு உயிரோடு இருக்கிறதா என்று கேட்க நம் துறைகளுக்கு வாய் வரவில்லை. உதவித்தொகை தாமதமாகும் மாணவரே வட்டும் வாங்கவேண்டும் என்பது கொடுமை. இரண்டு படிகளைத் துறை தன் செலவில் பேணட்டும். மூன்றாவது வேறூரில் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்பின் 'ஷா256' சரிபார்ப்பு எண்ணும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இடம்பெறட்டும். வாய்மொழித் தேர்வில் முதல் வினா இதுவாகட்டும்: 'அந்தக் குரல்கள் இப்போது எங்கே உள்ளன? ஒன்றை ஒலிக்கச் செய்யுங்கள்.'